ஓட்டுவது யார், காவல் காப்பது யார்? கார் வாங்கும் முன் போட்ட கணக்கு

பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த எங்கள் கார் சென்ற கோடையில் நின்றுபோனது. அரிசோனாவின் சாண்ட்லர் நகரில் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. ஜூலை வெயில் 45 டிகிரியைத் தொடும். வீட்டில் நான்கு பேர். எனக்கு வேலைக்கு ஒரு வழிக்கு முப்பது மைல், பெரும்பகுதி நெடுஞ்சாலை. மனைவி ஊருக்குள்ளேயே ஓட்டுவார். மகளுக்குப் பழகுநர் உரிமம் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஈரோட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கிவிட்ட அப்பாவுக்கு 74 வயது. கண்ணழுத்த நோயால் பக்கப் பார்வை குறைந்துவிட்டதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினோம். எங்கு போனாலும் எஞ்சினைப் பற்றி யாரும் பேசவில்லை. "இது கிட்டத்தட்டத் தானே ஓட்டிக்கொள்ளும்" என்பதுதான் முதல் வாக்கியம். அந்தக் "கிட்டத்தட்ட" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து விபத்து விசாரணை அறிக்கைகளைப் படித்தேன். இதே முடிவின் முன் நிற்கும் பலர் இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

தானோட்டும் வசதிகளைச் சுழியம் முதல் ஐந்து வரை படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள் வாகனப் பொறியாளர்கள். அந்த எண்கள் வாங்குபவருக்கு அவ்வளவாக உதவுவதில்லை. ஒரே ஒரு கேள்வி போதும் என்று எனக்குப் பட்டது: ஓட்டுவது யார், காவல் காப்பது யார்? அப்படிக் கேட்டால் நான்கு வழிகள் தெரிகின்றன. நான் ஓட்ட, இயந்திரம் காவல் காக்கலாம். இயந்திரம் ஓட்ட, நான் காவல் காக்கலாம். இருவரும் முறை வைத்து மாறிக்கொள்ளலாம். அல்லது இயந்திரமே முழுவதும் ஓட்ட, அதன் நிறுவனமே பொறுப்பேற்க, நான் பின்னிருக்கையில் வெறும் பயணியாக இருக்கலாம்.

இரண்டாவது வழியைத்தான் எல்லாரும் விற்கிறார்கள். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து, தடத்தின் நடுவிலேயே வண்டியைத் தானே ஓட்டிச்செல்லும் வசதி இது. டெஸ்லாவின் ஆட்டோபைலட், ஜெனரல் மோட்டார்ஸின் சூப்பர் குரூஸ், ஃபோர்டின் புளூகுரூஸ் எல்லாம் இந்த வகைதான். கடைசி இரண்டிலும் குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில் ஸ்டீயரிங்கிலிருந்து கையையே எடுத்துவிடலாம். ஆனால் எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை உண்டு: சாலையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, தவறு நடந்தால் பொறுப்பு உங்களுடையது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாடகைக்கு எடுத்த ஒரு காரில் இந்த வசதியோடு டூசான் வரை போனோம். முதல் அரை மணி நேரம் பதற்றத்தோடு கவனித்தேன். அது பிழையே செய்யவில்லை. பிக்காச்சோ மலையைத் தாண்டிய பிறகு சாலைப் பணி நடந்துகொண்டிருந்தது. தடத்தைச் சற்றே வலப்புறம் திருப்பி விட்டிருந்தார்கள். பழைய வெள்ளைக் கோடு முழுதும் அழிக்கப்படவில்லை. கார் அந்தப் பழைய கோட்டையே பிடித்துக்கொண்டு ஆரஞ்சு நிறப் பீப்பாய்களை நோக்கிப் போனது. "முன்னால் பாருங்கள்!" என்று மனைவி கத்தியதும் ஸ்டீயரிங்கை இழுத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதில் என்னை இன்றுவரை உலுக்குவது ஒன்றுதான். என் கை ஸ்டீயரிங்கின் மேலேயே இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. போன் பையில் கிடந்தது. மனம் மட்டும் அங்கே இல்லை. அதற்கு முந்தைய சில நிமிடங்களில் சாலையில் பார்த்த எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

இதை என் சோம்பல் என்று நினைத்து வெட்கப்பட்டேன். படித்த பிறகுதான் தெரிந்தது, மனித மூளை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் நேரம் ஆக ஆக ஏன் எதிரியின் தடயத்தைத் தவறவிட்டார்கள் என்று உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் ஆராய்ந்தார். கடிகார முள் போன்ற ஒன்று சீராக நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரியத் தொடங்கிவிடுவதை 1948இல் அவர் வெளியிட்டார். 1983இல் லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார்: எளிதான வேலையையெல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, அது கைவிடும் மிகக் கடினமான கணத்தை, பழக்கம் விட்டுப்போன மனிதரிடம் ஒப்படைக்கிறோம்.

என் வீட்டிலேயே இதற்கு ஒரு சோதனை நடக்கிறது. மகள் ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் நான் கண் இமைப்பதுகூட இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் ஏதாவது ஒன்றைத் தவறவிடுவாள் என்று தெரியும். பிழை அடிக்கடி வருவதால் என் கவனம் உயிரோடு இருக்கிறது. இயந்திரம் ஆயிரம் திருப்பங்களைச் சரியாகத் திரும்பி, ஆயிரத்தோராவதில் தவறுகிறது. அதுவரை சரியாகச் செய்ததே நம்மை உறங்க வைக்கும் தாலாட்டாகிவிடுகிறது. மோசமாக ஓட்டும் இயந்திரத்தைவிட ஏறத்தாழ நன்றாக ஓட்டும் இயந்திரம் ஆபத்தானது என்று நான் நம்புவது இதனால்தான்.

விசாரணை அறிக்கைகளைப் படித்தால் இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. 2016 மே 7 அன்று ஃபுளோரிடாவின் வில்லிஸ்டன் அருகே, சாலையின் குறுக்கே திரும்பிய லாரிக்கு அடியில் ஒரு டெஸ்லா மாடல் எஸ் நுழைந்தது, ஓட்டியவர் இறந்தார். அந்தப் பயணத்தில் ஆட்டோபைலட் இயங்கிய 37 நிமிடங்களில் அவர் கை ஸ்டீயரிங்கில் இருந்ததாகப் பதிவானது 25 விநாடிகள். குறுக்கே வரும் வண்டிகளைக் கையாள அந்த அமைப்பு உருவாக்கப்படவே இல்லை; ஆனாலும் அந்தச் சாலையில் இயங்க அது அனுமதித்தது. 2018 மார்ச் 23 அன்று கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் ஒரு மாடல் எக்ஸ், நெடுஞ்சாலைப் பிரிவில் இருந்த தடுப்பில் 71 மைல் வேகத்தில் மோதியது. இறந்தவர் ஒரு மென்பொருள் பொறியாளர். அவருடைய போனில் ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் கார் தடம் விலகுவதாக அவரே முன்பு வீட்டாரிடம் சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும் நம்பினார். இதைப் படித்தபோது அறிக்கையை மூடி வைத்துவிட்டேன்.

இன்னொரு விபத்து எங்கள் வீட்டுக்கு அருகே நடந்தது என்பதால் கூடுதலாகக் கனக்கிறது. மவுண்டன் வியூ விபத்துக்கு ஐந்து நாள் முன்பு, 2018 மார்ச் 18 இரவு, பக்கத்து ஊரான டெம்பியின் மில் அவென்யூவில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபரின் தானோட்டும் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே சென்சார்கள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் அவர் வாகனமா, மிதிவண்டியா, வேறு ஏதோ பொருளா என்று மென்பொருள் மாற்றி மாற்றிப் பெயரிட்டது. பெயர் மாறும்போதெல்லாம் அவர் போகும் பாதையைப் புதிதாகக் கணக்கிட்டது. பாதசாரிகள் கடக்கும் கோட்டுக்கு வெளியே ஒருவர் சாலையைக் கடப்பார் என்ற எண்ணமே அதில் எழுதப்படவில்லை. வால்வோ அந்தக் காரில் பொருத்தியிருந்த அவசரத் தானியங்கி பிரேக், சோதனை ஓட்டத்தின்போது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. காவலுக்கென்றே சம்பளம் வாங்கி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தவர் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் காரில் இருவர் போவார்கள்; சில மாதங்களுக்கு முன்தான் நிறுவனம் அதை ஒருவராகக் குறைத்திருந்தது.

"நான் அப்படியெல்லாம் கவனம் தவற மாட்டேன்" என்று நண்பர் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். அவருக்கு நான் காட்டியது கூகுள் ஊழியர்களின் கதையை. பத்தாண்டுகளுக்கும் முன்பு கூகுள் தன் ஊழியர்களுக்கு நெடுஞ்சாலையில் தானே ஓடும் கார்களைப் பயன்படுத்தக் கொடுத்தது. கேமரா தங்களைப் பதிவுசெய்கிறது என்றும், சாலையைக் கவனித்தே ஆக வேண்டும் என்றும் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒருவர் 65 மைல் வேகத்தில் கார் போகும்போதே திரும்பி, பின்னிருக்கையில் மடிக்கணினியைத் தேடினார், போனுக்கு மின்னேற்ற. இன்னொருவர் உறங்கிப்போனார். இந்தக் காணொளிகளைப் பார்த்த பிறகுதான், மனிதரைக் காவலுக்கு வைக்கும் அந்த வழியையே நிறுவனம் கைவிட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓட்டுநரில்லா டாக்ஸி ஓட்டும் இன்றைய வேமோ.

எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி என்று சொல்வது நியாயமாகாது. ஸ்டீயரிங்கின் மேல் கையின் எடையை மட்டும் அளக்கும் அமைப்பை ஒரு தண்ணீர் பாட்டிலைச் செருகியே ஏமாற்றியிருக்கிறார்கள். முகத்தைப் பார்க்கும் அகச்சிவப்புக் கேமராவை ஏமாற்றுவது கடினம். 2017இல் வந்த சூப்பர் குரூஸ் அப்படிப்பட்டது. இருந்தாலும் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம், 2024 மார்ச்சில் இத்தகைய 14 அமைப்புகளின் காவல் ஏற்பாடுகளைச் சோதித்தபோது, 11 அமைப்புகள் "மோசம்" என்ற தரமே பெற்றன. "ஏற்கத்தக்கது" என்ற தரம் பெற்றது லெக்சஸின் ஒரே ஓர் அமைப்பு. "நன்று" என்ற தரத்தை எதுவும் எட்டவில்லை. 2023 டிசம்பரில் டெஸ்லா ஏறத்தாழ 20 லட்சம் கார்களின் மென்பொருளைத் திருத்த வேண்டிவந்ததும் ஓட்டுநரின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதவில்லை என்பதற்காகத்தான்.

சரி, இத்தனை ஆபத்துக்கு ஈடாக ஏதாவது பாதுகாப்பு கிடைக்கிறதா? அதே ஆய்வு நிலையம் 2024இல் நிஸான், பிஎம்டபிள்யூ கார்களின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து, தடத்தின் நடுவில் ஓட்டும் வசதி விபத்துகளைக் குறைப்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடிவு செய்தது. இது ஒரு சொகுசு வசதி, அவ்வளவுதான். சொகுசு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் அதை விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டப் பொறுப்பும் ஒன்று இருக்கிறது. 2019இல் ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் ஆட்டோபைலட்டில் போன ஒருவர், கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்தார். கார் ஒரு இளம்பெண்ணைக் கொன்றது. 2025 ஆகஸ்டில் மயாமி நடுவர் குழு டெஸ்லா மீது 33 விழுக்காடு பொறுப்பு சுமத்தி, சுமார் 24.3 கோடி டாலர் செலுத்தச் சொன்னது. நிறுவனத்தின் பங்கு பேசப்பட்டது நல்லதுதான். மீதி மூன்றில் இரண்டு பங்கு குனிந்தவர் தலையில்தான் இருக்கிறது என்பதையும் வாங்குபவர் கவனிக்க வேண்டும்.

முதல் வழிக்கு வருகிறேன். நான் ஓட்டுகிறேன், இயந்திரம் எனக்குப் பின்னால் காவல் நிற்கிறது. அவசரத் தானியங்கி பிரேக், பக்கவாட்டில் மறைந்து வரும் வண்டிக்கு எச்சரிக்கை, தடம் விலகினால் அதிர்வு. இவை பெரும்பாலும் வாய் திறப்பதே இல்லை. இயந்திரத்துக்கு அலுப்பு கிடையாது. மேக்வொர்த்தின் கடிகாரத்தை அது ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும். மனிதருக்கு வராத வேலையை இயந்திரத்துக்கும், மனிதருக்கு வரும் வேலையை மனிதருக்கும் கொடுப்பது இந்த ஏற்பாடு ஒன்றுதான். பலனும் எண்ணில் தெரிகிறது: முன்வண்டியின் பின்புறம் மோதும் விபத்துகள் இந்த பிரேக் உள்ள கார்களில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கின்றன. பாதசாரிகளைக் கண்டு நிற்கும் பிரேக், பாதசாரி விபத்துகளை 27 விழுக்காடு குறைத்தது.

அந்த 27க்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. தெருவிளக்கு இல்லாத இருட்டில் அந்த ஆய்வில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. மில் அவென்யூ நினைவுக்கு வருகிறதா? 2029 செப்டம்பருக்குள் எல்லாப் புதிய கார்களும் இரவிலும் பாதசாரியைக் கண்டு நிற்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 2024இல் விதி வகுத்தது. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் ஒன்று செய்யலாம்: நீங்கள் வாங்க நினைக்கும் மாடல் இரவுநேரப் பாதசாரிச் சோதனையில் என்ன தரம் பெற்றது என்று ஆய்வு நிலையத்தின் பட்டியலில் பாருங்கள். நான் பட்டியலிட்ட ஐந்து கார்களில் இரண்டை அந்த ஒரு வரிதான் வெளியேற்றியது.

முறை வைத்து மாறும் மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். 2021இல் ஜப்பானில் ஹோண்டா லெஜண்ட் கார்கள் நூறை இவ்வசதியோடு குத்தகைக்கு விட்டது. பின்னர் ஜெர்மனியிலும், 2023இல் நெவாடா, கலிஃபோர்னியா மாநிலங்களிலும் மெர்சிடிஸின் டிரைவ் பைலட்டுக்கு அனுமதி கிடைத்தது. அனுமதிக்கப்பட்ட நெடுஞ்சாலையில், இங்கே மணிக்கு 40 மைலுக்குள், நல்ல வெளிச்சத்தில், நெரிசலில் ஊரும்போது கண்ணையும் எடுத்துவிட அது இடம் கொடுத்தது. அந்த நேரத்தில் ஓட்டும் வேலை முழுக்க இயந்திரத்துடையது. திருப்பி வாங்கிக்கொள்ளப் பத்து விநாடி தந்தது. கோட்பாட்டில் இரண்டாவது வழியைவிட நேர்மையானது. ஆனால் விலையும், அது இயங்கும் குறுகிய எல்லையும், அரிசோனாவில் இருக்கும் என் போன்றவருக்கு அதைத் தேர்வாகவே ஆக்கவில்லை.

நான்காவது வழி எங்கள் தெருவிலேயே ஓடுகிறது. சாண்ட்லரில் வேமோ பல ஆண்டுகள் சோதித்தது. 2020 அக்டோபரிலிருந்து ஃபீனிக்ஸ் பகுதியில் ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்கும் டாக்ஸிகளில் பொதுமக்கள் ஏறுகிறார்கள். 5.67 கோடி மைல் ஓட்டத்தை அதே நகரங்களின் மனித ஓட்டுநர்களோடு ஒப்பிட்ட ஆய்வில், காயம் ஏற்படுத்திய பாதசாரி விபத்துகள் 92 விழுக்காடு குறைவு. நிறுவனத்தின் ஆய்வாளர்களே எழுதியது என்பதால் சற்றுத் தள்ளி நின்று படித்தேன். ஆனால் ஸ்விஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2.53 கோடி மைல்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகளை எண்ணியதிலும் உடல் காயக் கோரிக்கைகள் 92 விழுக்காடு குறைவாகவே இருந்தன. காப்பீட்டுக்காரர் பணம் கொடுக்கும் கணக்கு என்பதால் அதை நான் கூடுதலாக நம்புகிறேன்.

இவ்வளவு நல்ல எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ 8 கோடி மைலுக்கு ஓர் உயிர் சாலையில் போகிறது. உயிரிழப்பில் மனிதரைவிட மோசமில்லை என்று உறுதியாகச் சொல்லவே, ஒரு மரணமும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட வேண்டும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் கணக்கிட்டது. இந்த ஆய்வுகளின் மைல்கள் அந்த அளவை எட்டவில்லை.

மேலும், இயந்திரம் மனிதர் செய்யும் தவறுகளைச் செய்வதில்லை. மனிதர் செய்யாதவற்றைச் செய்கிறது. 2024 மே மாதம் ஃபீனிக்ஸ் சந்து ஒன்றில் வேமோ கார் ஒரு மரக் கம்பத்தில் போய் இடித்தது. 672 கார்களின் மென்பொருளை மாற்றினார்கள். ஆஸ்டினில் குழந்தைகளை இறக்க நின்ற பள்ளிப் பேருந்துகளைக் கடந்து சென்றதற்காக 2025 டிசம்பரில் மறுபடியும் திருத்தம். நிறுவனத்தின் குணமும் முக்கியம். 2023 அக்டோபர் 2 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் வேறொரு கார் இடித்துத் தன் முன் விழுந்த பெண்ணை, ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா டாக்ஸி சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அந்த இழுத்துச் சென்ற பகுதியை அதிகாரிகளிடம் முழுமையாகத் தெரிவிக்காததால் உரிமத்தை இழந்தது. 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்ஸித் தொழிலையே கைவிட்டது. எல்லா "ஓட்டுநரில்லாக் கார்களையும்" ஒரே பட்டியலில் போடாதீர்கள். ஒன்றின் நற்பெயர் இன்னொன்றுக்குச் சேராது.

ஆனாலும் இந்த வழியில் ஒரு தெளிவு இருக்கிறது. என் அப்பாவிடம் யாரும் காவல் வேலை கேட்பதில்லை. தவறினால் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம்.

எங்கள் முடிவு இப்படி அமைந்தது. நான் வாங்கியது இரவுப் பாதசாரிச் சோதனையில் உயர்ந்த தரம் பெற்ற ஒரு சாதாரண செடான். தடத்தின் நடுவில் ஓட்டும் வசதி அதிலும் கூடவே வந்தது. முதல் நாளே அதை நிறுத்தி வைத்தேன். முன்வண்டிக்கு ஏற்ப வேகம் மாற்றும் குரூஸ் கன்ட்ரோலை மட்டும் வைத்துக்கொண்டேன். கால் ஓய்வெடுக்கிறது, ஆனால் ஸ்டீயரிங் கையில் இருப்பதால் மனம் ஓட்டிக்கொண்டேதான் இருக்கிறது. மகளுக்கு அந்தக் குரூஸ் கன்ட்ரோலும் இப்போதைக்கு இல்லை. அவள் முதலில் சாலையைப் படிக்கட்டும். எச்சரிக்கைகளும் பிரேக்கும் மட்டும் எப்போதும் இயங்கும்.

ஏற்கெனவே இரண்டாவது வகைக் கார் வைத்திருப்பவர்கள் அதை விற்க வேண்டியதில்லை. நடுவில் தடுப்பு உள்ள, குறுக்குச் சாலை இல்லாத நெடுஞ்சாலைக்கு வெளியே அதை இயக்காதீர்கள். சாலைப் பணிப் பலகை கண்ணில் பட்டதும் நிறுத்துங்கள். தூசுப் புயல், மழை, எதிர்வெயில் மூன்றுக்கும் அப்படியே. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே சிறிது தூரம் ஓட்டுங்கள். ஒரு இடத்தில் அது ஒருமுறை தடுமாறினால், அந்த இடத்தில் இனி ஒருபோதும் அதை நம்பாதீர்கள். மவுண்டன் வியூ அறிக்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.

அப்பா இப்போது கண் மருத்துவரிடமும் நூலகத்துக்கும் வேமோவில் போகிறார். முதல் தடவை நானும் உடன் போனேன். ஸ்டீயரிங் தானே திரும்புவதைப் பார்த்து, "பெருந்துறை ரோட்டில் இதை ஓட்டச் சொல்லிப்பார்" என்றார். இரண்டாவது தடவை தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினார். வரும்போது யாரிடமும் கேட்காமல் வழியில் காய்கறி வாங்கியிருந்தார். மாரிக்கோப்பாவில் இருக்கும் கணபதி கோவில் அந்த டாக்ஸியின் எல்லைக்கு வெளியே. ஆகவே சனிக்கிழமை காலையில் மட்டும் எங்கள் கார்: மகள் ஓட்டுகிறாள், அப்பா பின்னால், நான் அவள் பக்கத்தில் கண் இமைக்காமல்.